செவ்வாய்க்குப் பாரம்

பாயில் படுத்தாயிற்று, இனி எழுந்திருப்பதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டான் தாண்டவமூர்த்தி. படுப்பதில் அவனுக்கு எந்த நாளும் சிரமம் இருந்ததில்லை. எழுந்திருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருக்களிக்க வேண்டும், கையை ஊன்ற வேண்டும், முட்டியை மடக்க வேண்டும், சுவரைப் பிடிக்க வேண்டும். எந்தக் கை முதலில்? பூமியில் இருந்த வரைக்கும் தினமும் காலையில் செய்த காரியம், செவ்வாய்க்கு வந்த பத்து வருஷத்தில் சுத்தமாக மறந்துபோயிருக்கிறது. இங்கே எழுந்திருக்க முறை என்று ஒன்று தேவைப்பட்டதில்லை. எழ வேண்டும் என்று நினைத்தால் போதும், எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உடம்பு தானாக மேலே வரும். இன்றைக்குப் பிறகு வராது. கிரகத்தின் வயிற்றுக்குள் இறக்கியிருக்கும் பெரிய யந்திரம் இன்று முழு வேகத்தில் ஓடப்போகிறது. அதிகாரிகள் அதை ஈர்ப்புப் பெருக்கி என்பார்கள். தரையில் அது கிளப்பும் உறுமலைக் கேட்டு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் கிரைண்டர். செவ்வாயில் எந்தப் பொருளுக்கும் பூமியில் இருக்கும் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். அதைப் படிப்படியாக ஏற்றி, மதியச் சாப்பாட்டுக்குள் பூமிக் கனத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்களாம். அதுவரை யாரும் நிற்கக் கூடாது, நடக்கக் கூடாது, கட்டிலில்கூட இருக்கக் கூடாது, தரையில் பாய் விரித்து மல்லாந்து கிடக்க வேண்டும். பரணிலும் அலமாரியிலும் ஒரு கரண்டிகூட இருக்கக் கூடாது. பாத்திரமெல்லாம் தரைக்கு இறங்கியதில் ஒற்றை அறை வீடு கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்துப் பாயில் அவன் மனைவி வண்டார்குழலி, அவள் மார்பின் மேல் எட்டு மாதத்து மகள் அல்லி. இரண்டு பாய்க்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. அந்த ஒரு முழம் போதுமா என்று அவனுக்குச் சந்தேகம், ஏனென்றால் வயிறு பரவும்.

பரவத்தான் செய்யும், அதற்கு வேறு வழி தெரியாது. குழலிக்குத்தான் அது தெரியாது. செவ்வாயிலேயே பிறந்து செவ்வாயிலேயே வளர்ந்தவள், கனம் என்றால் என்னவென்று புத்தகத்தில் படித்தவள். அவள் பார்த்த வயிறு பூசணிக்காய் மாதிரி வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கும், தளராது, தொங்காது, நடந்தால் குலுங்காது. எங்க வீட்டுக்காரர் பெரிய ஆள்தான், ஆனா பஞ்சு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பஞ்சு நனைந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யார் சொல்வது? பூமியிலிருந்து கொண்டுவந்த போட்டோக்களை எல்லாம் அவன் கழுத்தோடு நறுக்கித்தான் மாட்டியிருக்கிறான். உங்க ஊரில் யாருக்கும் உடம்பே கிடையாதா என்று கல்யாணமான புதிதில் கேட்டாள். அவன் சிரித்து மழுப்பினான். கல்யாணம் என்றதும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அருப்புக்கோட்டையில் இருந்துகொண்டு, பொண்ணுக்குச் செவ்வாய் தோஷம் இருக்கான்னு பாத்தியா என்று அவள் கேட்ட கேள்வி இங்கே வந்து சேர்வதற்குள் அவன் ஒரு காபி போட்டுக் குடித்திருந்தான். அம்மா, அவ பொறந்ததே செவ்வாயிலதான் என்று பதில் அனுப்பினான். திரும்ப ஒரு காபி நேரம் கழித்து அம்மா சொன்னாள், அப்போ ரொம்பக் கடுமையால்ல இருக்கும். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சிரித்ததில் வயிறு ஆடியது, ஆடிவிட்டு உடனே நின்றது. இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது. நல்லது. ஒருக்களிக்க வேண்டும், கையை ஊன்ற வேண்டும். வலக்கையாகத்தான் இருக்கும்.

ஒலிபெருக்கியில் ஒரு பெண் முதல் படி ஏற்றுகிறோம் என்றாள், ரயில் எந்தத் தண்டவாளத்தில் வருகிறது என்று சொல்கிறவளின் குரலில். தரை உறுமியது. கன்னம் இரண்டும் காதைப் பார்த்து நகர்வது அவனுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான், பெரிதாக ஒன்றுமில்லை. குழலி, வந்துடுச்சாங்க என்று கேட்டாள், வந்துட்டு இருக்கு என்றான். அவள் அவனைப் பார்த்து மயங்கியது இந்த உடம்புக்காக இல்லை, காபிக்காக. சரியாகச் சொன்னால் காபி ஆற்றுவதற்காக. குடியிருப்பின் பெரிய சாப்பாட்டுக்கூடத்தில் காபிப் பொறுப்பு அவனுடையது. டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கிச் சாய்ப்பான். பூமியில் என்றால் காபி சர்ரென்று இறங்கிவிடும். இங்கே அது நிதானமாக, மாப்பிள்ளை நடந்து வருகிற மாதிரி இறங்கும். அது இறங்குகிற நேரத்துக்குள் தாண்டவமூர்த்தி தன் பெரிய உடம்போடு பம்பரமாக ஒரு சுற்றுச் சுற்றிவந்து கீழே டவராவில் அதைப் பிடிப்பான். ஒரு சொட்டு சிந்தாது. வரிசையில் நிற்பவர்கள் கைதட்டுவார்கள். குழாய் ரிப்பேருக்கு வந்த குழலி, கையில் ஸ்பேனரோடு நின்று பார்த்துவிட்டு, இன்னொரு வாட்டி சுத்துங்க என்றாள். அன்றைக்கு அந்தச் சுற்றைப் பார்ப்பதற்காகவே காபி மேல் காபி வாங்கிக் குடித்து ராத்திரி தூக்கமில்லாமல் கிடந்தாளாம். அந்த ஒரு சுத்துலதான் விழுந்தேன் என்று இன்றைக்கும் சொல்கிறாள். நாளைக்குக் காலையில் டம்ளரைத் தூக்குவான், காபி சர்ரென்று இறங்கும், அவன் பாதிச் சுற்றில் மூச்சு வாங்க நிற்பான், காபி தரையில் இருக்கும். இல்லை, பாதிகூட இல்லை, கால்வாசி. அவள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அதுதான் பயமாக இருந்தது.

அதனால்தான் ஒரு திட்டம் போட்டிருந்தான். எல்லாப் படியும் ஏறி முடிந்ததும் கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கச் சொல்வார்கள், அப்புறம் சங்கு ஊதுவார்கள், அப்புறம்தான் எழலாம். சங்கு ஊதுவதற்கு முன்னால், குழலி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போதே, சத்தமில்லாமல் எழுந்து சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட வேண்டும். அவள் திரும்பிப் பார்க்கும்போது, என்ன இவ்வளவு நேரமா என்கிற மாதிரி நிற்க வேண்டும். எழுந்து நிற்கிறவன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் மரியாதைதான். எழுந்திருக்கிறவனைப் பார்க்கத்தான் கூடாது. அந்த முக்கல், அந்த முனகல், அந்த இடைப்பட்ட நிலையில் இரண்டு கையும் இரண்டு முட்டியும் தரையில் இருக்க, பின்பக்கம் முதலில் எழும் அந்தக் காட்சி. அதைப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் மொத்தப் பத்தாம் வகுப்பும் பார்த்திருக்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் அவனைத்தான் கடைசியில் கட்டிவைப்பார்கள், நங்கூரம் மாதிரி. கயிறு அறுந்து அவன் உட்கார்ந்த சத்தத்துக்குப் பக்கத்து வகுப்புகள் வெளியே வந்துவிட்டன. டிரில் மாஸ்டர் கை கொடுக்கவில்லை. சோத்துக்குக் கேடு, பூமிக்குப் பாரம் என்றார். மாஸ்டர் அதை எல்லாரையும்தான் சொல்வார், ஓணானாக இருக்கிற பையனையும் சொல்வார். ஆனால் இவனைச் சொன்னபோது எல்லாரும் ஒரு கணம் யோசித்துப் பார்த்து அப்புறம் சிரித்தார்கள். அந்த ஒரு கணம்தான் இத்தனை வருஷமாகியும் நெஞ்சில் உறுத்துகிறது. ஷேர் ஆட்டோக்காரர்கள் வண்டி சாயாமல் இருக்க அவனை நடுவில் உட்காரச் சொல்வார்கள். சித்தப்பா மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி கால் விரித்தது, கெட்டிமேளத்தையும் மீறி அது கேட்டது. செவ்வாய்க்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்ததும் எழுதிப்போட்டான். கப்பல் கிளம்பியபோது பக்கத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். அவன் மட்டும், பூமிக்கு இன்றைக்கு ஒரு பாரம் குறைந்தது என்று நினைத்துச் சிரித்தான். இங்கே வந்து இறங்கி முதல் அடி வைத்ததும், அடுத்த அடியைத் தேடிக் கால் காற்றில் கொஞ்ச நேரம் இருந்தது. அந்த நிமிஷத்தில் கத்தி அழுதுவிட்டான். சந்தோஷம்தான், வேறென்ன.

அடுத்த படி, அதற்கடுத்த படி. கைவிரலைத் தூக்கிப் பார்த்தான், மோதிரம் கனத்தது. நாக்கு வாய்க்குள் ஒரு ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. வயிறு இரண்டு பக்கமும் இறங்க ஆரம்பித்தது, தோசைக்கல்லில் ஊற்றிய மாவு போல அவசரமில்லாமல், தன் எல்லை எது என்று தெரிந்த மாதிரி. வா வா என்றான் மனசுக்குள், உன்னைத்தான் எதிர்பார்த்துக் கிடக்கிறேன். பழைய சொந்தக்காரன் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கூட்டம் போட்டுக் கேட்டார்கள், கனம் வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று. அதற்கு முந்தின வாரம்தான் டாக்டரம்மா அல்லியின் கால் எலும்பைப் படமெடுத்துக் காட்டினாள், அகத்திக் குச்சி மாதிரி இருந்தது. கனமே தெரியாமல் வளர்கிற எலும்பு இப்படித்தான் இருக்கும், ஓடி விழுந்தால் ஒடிந்துவிடும், இவள் நிற்க ஆரம்பிப்பதற்குள் கனம் வந்துவிட்டால் தேறிவிடும் என்றாள். கூட்டத்தில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது முதலில் தூக்கிய கை தாண்டவமூர்த்தியுடையது. தூக்கிவிட்டு, கை காற்றில் எவ்வளவு லேசாக நிற்கிறது என்று பார்த்தான். பக்கத்து வீட்டுச் சூசை, தூத்துக்குடிக்காரன், ஓமக்குச்சி உடம்பு, ஏல ஒனக்கு என்னல கிறுக்கா, நானே யோசிக்கேன் என்று காதில் சொன்னான். அல்லி ஓட வேண்டும், விழ வேண்டும், முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அழுதபடி வர வேண்டும். அதற்கு ஈடாக அவனுடைய ஒரு சுற்றுத்தானே போகிறது? போகட்டும் என்றுதான் கை தூக்கினான். மனசாரத்தான் தூக்கினான். அதற்காகப் பயப்படக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? மறுபடி எந்தக் கை? கூட்டத்தில் தூக்கியது வலக்கை. ஊன்றியது? குண்டான்களைக் குழலி சுவரோரம் அடுக்கி வைத்துவிட்டாளே, சுவரைப் பிடிக்க இடம் எங்கே இருக்கிறது?

"என்னங்க" என்றாள் குழலி. குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "வலிக்குமா?"

அவன் தலையைத் திருப்பினான். திருப்புவதற்கே ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இரண்டு கையும் அல்லியின் முதுகில். சில மாதமாக எல்லாரையும் போல அவளும் பளு வைத்துத் தைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு மூச்சிறைக்க நடந்து பழகியிருக்கிறாள், ஆனால் அங்கியை ராத்திரி கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். இதைக் கழற்ற முடியாது. பிறந்ததிலிருந்து தெரியாத ஒன்று அவள் மேல் இறங்கிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் கிடக்கிற புருஷன் தன் தொப்பையையே நினைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"வலிக்காதும்மா. மேல யாரோ வந்து உக்காந்த மாதிரி இருக்கும். பயப்படாத, தெரிஞ்ச ஆளுதான்."

அவள் சிரித்தாள், சிரித்ததில் கண்ணோரம் நீர் இறங்கிச் சட்டென்று காதுக்குள் போய்விட்டது. இதுவரை இங்கே கண்ணீர் லேசில் விழாது, கண்ணிலேயே திரண்டு நிற்கும், துடைத்தால்தான் போகும். அழுகை இவ்வளவு வேகமாப் போகுமா என்று ஆச்சரியமாகக் கேட்டாள். பூமியில் அழுவது சுலபம் என்றான், பாதி வேலையைக் கண்ணீரே பார்த்துக்கொள்ளும். அவனுக்குப் பழையது ஒன்று ஞாபகம் வந்தது. இங்கே பிறந்தவர்கள் பொருளைக் கைக்குக் கை கொடுப்பதில்லை, விடுவார்கள். டம்ளரைக் காற்றில் விட்டுவிட்டு, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, இடுப்புக்கு இறங்குவதற்குள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். சாவி, ஸ்பேனர், சாம்பார் வாளி எதுவானாலும் அப்படித்தான். ஒருவர் விடுவார், அடுத்தவர் கீழே வாங்கிக்கொள்வார். பிள்ளையைக்கூட அப்படித்தான் மாற்றிக்கொள்வார்கள், பிள்ளைகளுக்கும் அதில் ஒரே கொண்டாட்டம். வந்த புதிதில் அவனுக்குப் பதறும். யார் கையில் எதைப் பார்த்தாலும் அடியில் தன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பான். எப்பவும் ஏந்திட்டே நிக்கிறீங்களே, பிரசாதம் குடுக்கிறாங்களா என்று குழலி கேலி செய்து செய்து அந்தப் பழக்கத்தை விட்டான். பூமியில் எதுவும் யாருக்காகவும் நிதானிக்காது. விட்டது விட்டதுதான். இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். நினைத்தபோது கடைசிப் படி ஏறியது, நெஞ்சின் மேல் சொந்தக்காரன் முழுசாக உட்கார்ந்தான், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோனது.

ஏற்றம் முடிந்தது, சங்கு ஊதும் வரை அசையாதீர்கள் என்றாள் ஒலிபெருக்கிக்காரி, அவள் குரலிலும் மூச்சு வாங்கியது. இதுதான் நேரம். தாண்டவமூர்த்தி ஒருக்களிக்கப் பார்த்தான். உடம்பு பாதி வந்தது, மீதி யோசித்தது. வலக்கையை ஊன்றினான், கை வயிற்றுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அப்படியென்றால் வலக்கை இல்லை. மறுபடி மல்லாந்தான், அண்டாக்கள் கொஞ்சம் நகர்ந்தன. தொங்கிய கன்னமும் பரவிய வயிறும் வாங்குகிற மூச்சுமாக அப்படியே கிடந்தான். திரும்பிப் பார்த்தால் குழலி எழுந்து உட்கார்ந்திருந்தாள். சங்குக்கு முன்னால் அசையக் கூடாது என்றால் அவள் கேட்டுவிடுவாளா என்ன? கை ஊன்றி, பல்லைக் கடித்து, நடுங்கிக்கொண்டு உட்கார்ந்து அவனைப் பார்த்தாள். முழுசாக, தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். போட்டோவில் நறுக்கிய பாகமெல்லாம் அவள் கண் முன்னால் கிடந்தது. அவன் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தான். அதற்குள் அவள் மடியில் கிடந்த அல்லி சிணுங்கினாள். இவளைச் செத்த நேரம் பிடிங்க என்று சொல்லி, குழந்தையை இரண்டு கையாலும் தூக்கி அவன் பக்கமாக நீட்டி, குழலி கையை விட்டாள்.

விரல் பிரிவதை அவன் பார்த்தான். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, தினமும் விடுகிற மாதிரிதான் விட்டாள். கத்த வாய் திறந்தான், நாக்கு ஓரமாகக் கிடந்தது. இரண்டு கையும் தூக்கினான், இரண்டும் தூரத்து ஊரிலிருந்து கிளம்பிய மாதிரி வந்துகொண்டிருந்தன. அவை வந்து சேர்வதற்குள் வயிறு முந்திக்கொண்டது. ஒரு முழத்தையும் தாண்டிப் பரவி, அவள் பாயின் விளிம்பு வரைக்கும் போயிருந்த வயிறு. தொப்பென்று அதன் மேல் விழுந்தாள் அல்லி. ஹக்கென்று மூச்சு போனது அவனுக்கு. குழந்தை ஒரு முறை உள்ளே புதைந்து மேலே வந்து, மறுபடி புதைந்து, அமர்ந்தாள். யார் இது என்கிற மாதிரி பார்த்தாள். அப்புறம் இரண்டு கையாலும் வயிற்றை அடித்துச் சிரித்தாள். அந்தக் கனம். எட்டு மாதமாகத் தூக்கிச் சுமக்கிறான், இன்றைக்குத்தான் மகளை முழுசாகப் பிடித்திருக்கிறான். இவ்வளவு இருந்தாயா நீ?

குழலி தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"விட்டுட்டேங்க. எப்பவும் போல விட்டுட்டேன்."

"விட்டா என்ன? கீழ நான் இருக்கேன்ல" என்றான்.

அவள் அழுதாள், பெரிய பெரிய சொட்டாக, ஒவ்வொன்றும் சத்தம் கேட்கும்படி விழுந்தது. அழுதபடியே அவன் வயிற்றில் கை வைத்தாள். அமுக்கினாள், அது அமுங்கி எழுந்தது. இன்னும் கொஞ்சம் அமுக்கினாள். பிறகு, உட்கார்ந்திருக்க முடியவில்லையோ என்னவோ, அப்படியே சாய்ந்து அல்லிக்குப் பக்கத்தில் தன் தலையையும் அதில் வைத்துக்கொண்டாள். தலை நன்றாகப் பதிந்தது. காதை ஒட்டி வைத்து உள்ளே கடமுடவென்று நடப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இவ்வளவு நாளா இதை எங்க வச்சிருந்தீங்க?" என்றாள்.

கேலியாகத்தான் கேட்கிறாளா என்று காதைத் தீட்டிக் கவனித்தான். கேலி இல்லை. நல்ல தலையணை வாங்கி வைத்துக்கொண்டு இத்தனை நாள் பரணில் போட்டிருந்த மாதிரி குறைதான் பட்டாள். பூமிக்குப் பாரம் என்று டிரில் மாஸ்டர் சொன்னார். பாரமாக இருந்தால்தான் என்ன, பாரம் இல்லாத இடத்தில் குழந்தை எதன் மேல் வந்து விழும்? அல்லி கொட்டாவி விட்டாள். எத்தனை தாலாட்டினாலும் தொட்டிலில் மிதக்கிற மாதிரி விழித்துக் கிடக்கிறவள், வாயைத் திறந்தபடி அவன் மேல் அப்படியே தூங்கிப்போனாள். குழலி, காபி எல்லாம் இனி சுத்தாமலே ஆத்துங்க, போதும் என்று முனகினாள், அவளுக்கும் கண் சொக்கியது. ஒரு சுற்றில் விழுந்தவள் இப்படிச் சொல்கிறாளே என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருவரும் ஆடுவார்கள் என்று அடக்கிக்கொண்டான்.

சங்கு ஊதியது. ஊர் முழுக்க முக்கலும் முனகலும் சிரிப்பும் பாத்திரம் உருளும் சத்தமும் கேட்டன. சூசை சுவரைத் தட்டினான்.

"ஏல தாண்டவம், எந்திச்சிட்டியா?"

"இல்லப்பா. எந்திரிக்க முடியல. மேல ரெண்டு பேரு இருக்காங்க."

அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது, முதலில் ஊன்ற வேண்டியது இடக்கை. இடக்கை அல்லியின் முதுகில் இருந்தது, வலக்கை குழலியின் தலையில் இருந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணை மூடிக்கொண்டான்.